மாலை போட ஒரு படம்

"யாருக்கு டீச்சர்?" என்று கேட்டார் நம்பி அண்ணன்.

"என் மகளுக்கு" என்றேன்.

இந்த இரண்டு வரிகளை எழுதி முடிப்பதற்குள் பேனாவை மூன்று முறை கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த பெருமை, கடை வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது நம்பி அண்ணனின் பூக்கடை. ஈரச்சாக்கு, நனைத்த வாழைநார், மரிக்கொழுந்து வாசம். நாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தபடியே கட்டுவார். விரல்களுக்குத் தனியாகக் கண் இருக்கிறதோ என்று தோன்றும்.

"கல்யாணமா? வாயத் தொறக்கவே இல்லையே நீங்க!"

"கல்யாணம் இல்லண்ணே, அவார்டு. டிவிக்காரங்க மாலை போட்டு மரியாத செய்யப் போறாங்களாம்."

"ஏன், மெட்ராஸ்ல பூவே இல்லையாக்கும்?"

"இருக்கும். நம்ம ஊர் மாலை ஆகுமா?"

அதற்கு மேல் அவரிடம் பேச வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த வேலையைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நம்பி அண்ணன் சாமிக்குக் கட்டுவார், உயிருள்ள கழுத்துக்குக் கட்டுவார். துக்க வீட்டிலிருந்து யாராவது வந்தால் ஒன்றும் பேசாமல் அடுத்த கடையைக் கைகாட்டுவார். குஞ்சத்துக்கு மேலே மரிக்கொழுந்தைக் கிளிமூக்குப் போல வளைத்து ஒரு முடிச்சுப் போடுவார். அது அவருடைய கையெழுத்து.

ஒரு பெண் தன் கழுத்தில் சூடி அழகு பார்த்து, பிறகு சாமிக்கு அனுப்பிய மாலையால் பெயர் பெற்ற ஊர் எங்களுடையது. இங்கே பிறந்து வளர்ந்தவளிடம் போய் 'மாலை' என்று ஒருவர் சொன்னால், அவள் கழுத்தைத்தான் நினைப்பாள். சுவரையா நினைப்பாள்?

ஒட்டுக்கேட்கும் உத்தியோகம்

என் மகள் ரங்கநாயகி கம்ப்யூட்டர் படித்தாள். வேலை தேடிச் சென்னைக்குப் போனாள். வேலை கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னபோது எந்தக் கம்பெனி என்று கேட்டேன். "நாத்தனார்" என்றாள்.

தொலைக்காட்சித் தொடரில் நாத்தனார். தொடரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இதை வெளியிடும் பத்திரிகைக்கு வக்கீல் நோட்டீசும் எனக்கு அனுதாபக் கடிதங்களும் வரும். அதில் அவள் பெயர் யாழினி. தமிழ்த் தொடர்களில் நாத்தனார் என்பவள் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பதற்காகவே படைக்கப்பட்ட பிறவி. ரங்கா செய்தது நல்ல நாத்தனார். ஆகவே ஒட்டுக்கேட்டுவிட்டு அழுவாள்.

நான் சேத்தூரில் ஆசிரியை. எங்கள் ஊரில் மடவார் வளாகம் பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து கிளம்பி, ராஜபாளையத்தில் பஸ் மாறிப் போக வேண்டும். யாழினி வந்த நாளிலிருந்து ஜன்னலோர சீட்டு எனக்குத் தானாகக் கிடைத்தது. கூடவே விசாரணையும். சேத்தூரில் தையல்கடை வைத்திருக்கும் செல்விதான் அதற்கு அரசு வழக்கறிஞர்.

"டீச்சர், வெசம் வச்சது யாருன்னு யாழினிக்குத்தான் தெரியும்லா. எப்பத்தான் வாயத் தொறப்பா?"

"அவளுக்கே தெரியாதாம் செல்வி."

"என்ன பெத்த தாயி நீங்க? ஒரு போனப் போட்டுக் கேக்க வேணாமா? எம்புட்டு நாளா நெஞ்சில கல்லத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கோம்!"

உண்மையிலேயே ரங்காவுக்குத் தெரியாது. அதைத்தான் அவள் போய் ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள்.

ஏதோ இணையச் சேனலில் 'திரைக்குப் பின்னால்' என்று ஒரு கலந்துரையாடல். நான்கு நடிகைகளை ஒரே சோபாவில் நெருக்கி உட்கார வைத்து, படப்பிடிப்புத் தளம் ஒரு குடும்பம் மாதிரி என்று நான்கு பேரையும் சொல்ல வைத்தார்கள். ரங்காவின் முறை வந்தது. "யாழினிக்கு அடுத்து என்ன நடக்கும்?" என்று தொகுப்பாளர் கேட்டார்.

"எங்களுக்கே காலையில சீன் பேப்பர் வந்தாத்தான் தெரியும், உசுரோட இருக்கோமா இல்லையான்னு" என்றாள்.

சோபாவே குலுங்கிச் சிரித்தது. அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி ஊரெல்லாம் சுற்ற விட்டார்கள். தொடரை ஒளிபரப்பும் டிவி சேனலில் மட்டும் யாரும் சிரிக்கவில்லையாம்.

"உண்மையப் பேசணும், உண்மையப் பேசணும்னு சொல்லி வளத்தேல்லா? இப்பப் பாரு" என்றார் என் கணவர். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். காயத்துக்குக் கட்டுப் போடுவதைத் தவிர வேறு எல்லாப் பேச்சும் வீண் என்பது அவர் கொள்கை.

தனபாலின் போன்

அதற்குச் சில நாள் கழித்து, பள்ளிக்கூடத்தில் சத்துணவு நேரம். என் கையில் பாதி உரித்த முட்டை. போன் அடித்தது. தொடரின் புரொடக்ஷன் மேனேஜர் தனபால். அதுவரை நான் பேசியிராதவர்.

"அம்மா, ரங்காவோட நல்ல படம் ஒண்ணு வேணும். நேரா பாக்கற மாதிரி. பட்டுப்புடவை. லேசா சிரிச்சிருக்கணும். மாலை போடணும்."

சேனலின் விருது விழா வருகிறது என்பதும், 'சிறந்த நாத்தனார்' பட்டியலில் ரங்கா இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். சேத்தூர் பஸ்ஸே ஓட்டுப் போட்டிருந்தது.

"அவார்டுக்குத்தானே சார்?"

"அவார்டும் வருதும்மா. எல்லாம் சேர்ந்து வருது. பெருசா பிரிண்ட் போட்டு ஃபிரேம் பண்ணிடுவோம். ரங்காகிட்ட இப்ப சொல்லிடாதீங்க. நாங்களே பக்குவமா சொல்லிக்கறோம்."

எவ்வளவு நல்ல மனிதர்கள், பிள்ளைக்குச் சந்தோஷ அதிர்ச்சி கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அதிர்ச்சி என்ற பாதி சரி.

"சார், மாலைய எங்க ஊர்லேர்ந்து நானே அனுப்பட்டுமா?"

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நீங்களேவா?"

"பெத்தவ நான் செய்யாம வேற யாரு சார் செய்வா?"

தனபால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு அம்மாவை நான் பார்த்ததே இல்லைம்மா."

இன்றுவரை அந்த மனிதர் என்னிடம் சொன்ன ஒரே கலப்படமற்ற உண்மை அதுதான்.

படத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு நாள் ஆயிற்று. ஒன்றில் கண் மூடியிருந்தது, ஒன்றில் என் நாத்தனார் குறுக்கே வந்திருந்தாள். கடைசியில் பட்டமளிப்பு விழாவுக்கு மறுநாள் ராஜபாளையத்து ஸ்டுடியோவில் எடுத்ததைப் பிடித்தேன். பச்சைப் பட்டு. நெற்றிப்பொட்டு என் கையால் வைத்தது.

மாலையை ஈரத்துணியில் சுற்றி, வாழை இலையில் பொதிந்து, பெட்டிக்குள் வைத்துச் சென்னை பஸ்ஸில் ஏற்றினேன். "ஏசி இருக்கிற பக்கமா வைங்க தம்பி" என்று டிரைவரிடம் கெஞ்சினேன். குழந்தையைத் தனியாக அனுப்புகிறவள் மாதிரி, பஸ் திரும்பும் வரை நின்றேன்.

கேசரி

ஒரு வாரம் போனது. ஒரு சாயங்காலம் ரங்கா போன் செய்தாள். "அம்மா, இன்னிக்கு சீரியல் பாக்காத."

"ஏன்டி?"

"பாக்காதன்னா பாக்காத. செத்த நேரத்துல நானே கூப்பிட்டு எல்லாம் சொல்லுதேன்."

ஆசிரியர் பயிற்சியில் கற்ற உளவியலை எல்லாம் கொண்டு யோசித்தேன். பாக்காதே என்றால் அதில் ஏதோ விசேஷம் இருக்கிறது. மாலை! தொடருக்குள்ளேயே பாராட்டு விழா வைக்கிறார்கள். நெய் ஊற்றிக் கேசரி கிண்டினேன். பக்கத்து வீட்டு வள்ளியக்கா, எதிர்வீட்டார், மாடிவீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டேன். எங்கள் முன்னறையில் அவ்வளவு கூட்டம் ரங்காவின் காதுகுத்துக்குப் பிறகு அன்றுதான்.

தொடர் ஆரம்பித்தது. ஒரு வீடு. எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்து, சுவருக்குப் போனது.

சுவரில் என் மகள் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பட்டு. கீழே விளக்கு. படத்தைச் சுற்றி மாலை.

இடப்பக்கத்திலிருந்து ஒரு முறை காட்டினார்கள், இடி இடித்தது. வலப்பக்கத்திலிருந்து ஒரு முறை, இடி. பிறகு மெல்ல நெருங்கினார்கள். குஞ்சத்துக்கு மேலே மரிக்கொழுந்துக் கிளிமூக்கு, திரை நிறையத் தெரிந்தது.

"மாலை நல்லா இருக்கே" என்றாள் வள்ளியக்கா, வாயில் கேசரியோடு. பிறகு என்ன சொன்னோம் என்று புரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாந்தான் அனுப்புனேன்" என்றேன். யாரோ என் கையிலிருந்த தட்டை வாங்கினார்கள்.

யாழினி எப்படிச் செத்தாள் என்றுகூடக் காட்டவில்லை. லாரி என்றார்கள், வசனத்திலேயே. ரங்காவை அன்றைய படப்பிடிப்புக்குக் கூப்பிடவே இல்லை. படம் போதுமே.

போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். மறுமுனையில் ரங்கா, "அம்மா, நான் இருக்கேன்மா. இருக்கேன்" என்றாள். "சொன்னா கேட்டியா?" என்று திட்டிக்கொண்டே அழுதாள். அவளுக்கே அன்றைக்கு மத்தியானம்தான் தெரியுமாம்.

துக்கம் விசாரித்தவர்கள்

மறுநாள் விடியற்காலை வள்ளியக்கா தூக்குச்சட்டியில் காப்பியோடு வந்து நின்றாள்.

"அடுப்பு பத்த வச்சிருக்க மாட்டேன்னு..."

இழவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் காப்பி கொண்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். ரங்கா உயிரோடு இருக்கிறாள் என்பது வள்ளியக்காவுக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் வாங்கிக் குடித்தேன். அடுப்புப் பற்ற வைத்திருக்கவில்லை என்பதும் நிஜம்தான்.

பஸ்ஸில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் வரை விடவில்லை. "பாப்பா நல்லாத்தான் இருக்கும் டீச்சர், தெரியுது. மனசு கேக்க மாட்டேங்குதே." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வெசம் வச்சது யாருன்னு இனி தெரியாமலே போயிருமா?" என்றாள்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "டீச்சர், வேணும்னா ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க." லீவுக் கடிதத்தில் காரணம் என்ன எழுதுவது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "வேணாம், இருங்க" என்றார்.

அவர்களைப் பார்த்து எல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்பி அண்ணனைப் பார்த்துத்தான் வரவில்லை.

கடைக்கு முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்க்காமல் முதல் தடவையாகக் கையைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்லயும் டிவி இருக்கு டீச்சர்."

"தெரியாம நடந்து போச்சுண்ணே."

"முப்பது வருசமா எழவுக்குக் கட்டுனதில்ல. எங்கப்பா செத்ததுக்கே அடுத்த கடையில வாங்கித்தான் போட்டேன். யாருக்குன்னு கேட்டேன், மகளுக்குன்னு சொன்னீய."

அந்த வார்த்தைதான் என்னை இன்னும் உலுக்குகிறது. நான் வேதியியல் படித்தவள். ஒரு ஃபிரேமுக்குப் பூ மாட்டுவதால் தொலைவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட என்னால் முடியும். ஆனால் அன்றிலிருந்து சாலையில் லாரிச் சத்தம் கேட்டால் என் கை போனைத் தேடுகிறது. மாலையை அனுப்பியது நான். என் பிள்ளையின் படத்துக்கு என் கையால்.

"இத எப்படிண்ணே மாத்துறது?"

நம்பி அண்ணன் நாரை நீவினார். "அதே மாதிரி இன்னொண்ணு கட்டித் தாரேன். கழுத்துல போடுங்க. போடுறத எனக்குக் காட்டணும்."

"போட்டோ எடுத்து அனுப்புதேன்."

"போட்டோவா?" என்று என்னை முறைத்தார். "வீடியோ எடுங்க. புள்ள அசையணும்."

கைதட்டல் முதலில்

விருது விழாவுக்கு நானும் கணவரும் போனோம். கழுத்தில் அட்டை, கையில் மாலைப் பெட்டி. வாசலில் செக்யூரிட்டி மறித்தார். வெளிச்சாப்பாடு, தண்ணீர் பாட்டில், தீப்பெட்டி எதுவும் கூடாது, பூவும் கூடாதாம்.

"இது காஸ்ட்யூம்" என்றேன். உண்மையைப் பேசச் சொல்லிப் பிள்ளை வளர்த்தவளின் வாயிலிருந்து எவ்வளவு சரளமாக வந்தது! உடனே விட்டுவிட்டார்.

விருது விழாக்களில் கைதட்டலை முதலில் எடுத்துவிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? மேடையில் ஒரு ஈ கூட இல்லை. ஃபுளோர் மேனேஜர் ஒருவர் மைக்கில், "எல்லாரும் தட்டுங்க... இப்ப சிரிங்க... போதும். அம்மா மாதிரி இருக்கறவங்க யாராவது கண்ணைத் துடைங்க" என்றார். என்னிடம் கண்ணீர் தயாராக இருந்ததால் கொடுத்தேன். ஒளிபரப்பில் அது சிறந்த நகைச்சுவை நடிகர் விருது வாங்கும்போது வந்தது.

சிறந்த மாமியார், சிறந்த மருமகள், சிறந்த கூட்டுக்குடும்பம், சிறந்த பிரிந்த குடும்பம். சேனல் தன் தொடர்களுக்குத் தானே கொடுத்துக்கொண்டது. வெறுங்கையோடு போனவர் யாரும் இல்லை. 'சிறந்த நாத்தனார்' வேறொருத்திக்குப் போயிற்று. ரங்காவுக்குப் புதிதாக ஒன்று படைத்திருந்தார்கள்: 'நெஞ்சில் நின்ற நாத்தனார்'.

அரங்கம் இருண்டது. பெரிய திரையில் அந்தப் படம். அந்த மாலை. புல்லாங்குழல். தொகுப்பாளினி குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு அவங்க நம்ம கூட இல்லைன்னாலும்..." என்றாள். முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் சட்டென்று எழுந்து தலைகுனிந்து நின்றார். அவரைப் பார்த்து வரிசையே எழுந்தது. அதற்குள் ரங்கா மேடையேறி, எழுந்து நின்றவர்களைப் பார்த்து வணக்கம் சொன்னாள்.

மைக்கை வாங்கினாள். "அந்த மாலை எங்கம்மா அனுப்புனது. அவார்டுக்கு மரியாத செய்யப் போறாவன்னு நெனச்சு, எங்க ஊர்லேர்ந்து கட்டி அனுப்புனாவ. அவிய இங்கதான் இருக்காவ. அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்."

அரங்கத்தில் ஒருவரும் தட்டவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இவர்கள் நிஜமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று. ஒளிபரப்பில் அந்தப் பேச்சு இல்லை. அதில் "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். பின்னால் கைதட்டல் இருந்தது, முதலில் எடுத்தது.

ஒன்மோர்

மேக்கப் அறைகளுக்குப் போகிற நடைவழியில் அவளைப் பிடித்தேன். பெட்டியைத் திறந்தேன். அதே ரோஜா, அதே சம்பங்கி, அதே கிளிமூக்கு.

"அம்மா, மைக் மாட்டியிருக்கு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். குனிந்தாள்.

போட்டேன். ஈரப்பூ பட்டதும் அவள் கழுத்து சிலிர்த்தது. அதை என் விரல்களால் தொட்டுப் பார்த்தேன். படம் சிலிர்க்காது.

"சூப்பர்மா! சூப்பர் மொமெண்ட்!" என்று ஓடி வந்தார் ஃபுளோர் மேனேஜர். பின்னால் கேமராக்காரர், அவருக்குப் பின்னால் தனபால். "ஆனா மிஸ் பண்ணிட்டோம். அப்படியே கழட்டிட்டு ஒன்மோர் போடுங்க."

"ஒன்மோர் கிடையாது சார்" என்றாள் ரங்கா.

"ஒரு தடவை போட்டது போட்டதுதான்" என்றேன் நான். தனபாலைப் பார்த்தும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார்.

மாலையோடு அவள் எங்களுடன் ஆட்டோவில் ஏறினாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்.

என் கணவர் எடுத்த வீடியோவில் முக்கால்வாசி எங்கள் கால்கள்தான். கடைசியில் மட்டும் கை நிமிர்ந்து, ரங்கா குனிவதும் சிரிப்பதும் தெரிகிறது. நம்பி அண்ணன் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.

"அசையுது" என்றார். நாரைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

காலைத் தாள்

அந்த இரண்டாவது மாலை நம்பி அண்ணனின் மனதை ஆற்றிவிட்டது. என் மனதை முழுக்க ஆற்றவில்லை. அதனால் ரங்காவோடு ஓர் ஒப்பந்தம். தினமும் காலையில், நான் பஸ் ஏறுவதற்குள், ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும்: 'இருக்கேன்.' அவளுக்கு சீன் பேப்பர் மாதிரி, எனக்கு இது. ஒரு நாள் சார்ஜ் இல்லாமல் போய்விட்டது. அன்று நான் சேத்தூரில் இறங்காமல் எங்கேயோ போய்விட்டேன்.

யாழினிக்கு ஓர் இரட்டைச் சகோதரி இருந்ததைச் சேனல் போன மாதம் கண்டுபிடித்தது. இத்தனை நாள் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தாளாம். ரங்காவுக்கு வேலை திரும்பி வந்துவிட்டது. விஷம் வைத்தவர் யாரென்று அந்தச் சகோதரிக்கும் தெரியுமாம். செல்வி மறுபடியும் எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைக்கிறாள்.

இன்று காலை ராஜபாளையத்தில் பஸ் மாறும்போது செய்தி வந்தது.

'இருக்கேன். இன்னிக்கு எனக்குக் கல்யாணமாம், இப்பத்தான் பேப்பர் வந்துச்சு.'

நின்றபடியே, 'மாலை நான் அனுப்பட்டுமா' என்று தட்டினேன். செல்வி சீட்டிலிருந்து கூப்பிட்டாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

முழுவதையும் அழித்துவிட்டு, 'மாலை கழுத்துக்குத்தானே, நல்லாக் கேட்டுச் சொல்லு' என்று அனுப்பினேன்.